தகரப்பெட்டியில் மிஞ்சிய தாள் காசு

சென்ற மாசியில் ஒரு சனிக்கிழமை மாலை, டோர்ட்முண்டில் முதியோர் இல்லமொன்றில் தாதியாக வேலை செய்யும், எனக்குத் தங்கை முறையான ஒருவர், ஒரு பழைய பிஸ்கட் தகரப்பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். அந்த இல்லத்தில் வசிக்கும், தொண்ணூறு வயதைத் தாண்டிய ஜேர்மன் அம்மையார் ஒருவர், தன் தகப்பனாரின் மேசை லாச்சியில் கிடந்த காசு இதுவென்றும், அறிந்தவர் யாராவது பார்த்துச் சொன்னால் நல்லதென்றும் கூறி அதைக் கொடுத்து அனுப்பியிருந்தார். இந்த நாட்டில் இத்தகைய இல்லங்களில் வேலை செய்பவர்கள் அங்கு வசிப்பவர்களிடமிருந்து மிகச் சிறிய அன்பளிப்புக்கு மேல் பரிசு எதுவும் பெறக் கூடாது. ஆகவே பெட்டிக்குள் 47 தாள்கள் இருப்பதை எண்ணி எழுதி, அம்மையாரின் மகளிடம் கையொப்பமும் வாங்கிய பிறகே அவர் அதை வெளியே கொண்டு வந்திருந்தார். அந்தக் கவனம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

"அண்ணை, இதில ஒண்டில ஒரு மில்லியார்ட் மார்க் எண்டு கிடக்கு. நூறு கோடி! இதுக்கு இப்ப என்ன வரும்?"

"அதைக் கடைசியாப் பாப்பம் பிள்ளை. முதல்ல அந்த ஆயிரம் மார்க் கட்டை எடுங்கோ."

பல ஆண்டுகளாக இதே கேள்வியை வெவ்வேறு ஆட்களிடமிருந்து கேட்டு வருகிறேன். தாளில் அச்சிட்ட தொகை பெரிதாக இருந்தால் விலையும் பெரிதாக இருக்கும், தாள் பழையதாக இருந்தால் விலை இன்னும் கூடும் என்று எவரும் இயல்பாகவே நினைப்பர். என் அனுபவத்தில், ஒரு பழைய ஐரோப்பியத் தாளின் இன்றைய விலையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அதன் கடைசி நாட்கள்தாம். அது செல்லாக்காசாகப் போன போது வங்கியில் கொடுத்து மாற்ற முடிந்ததா, மாற்றியவரின் கைக்கு ஏதாவது வந்ததா என்பதை முதலில் கேட்க வேண்டும். மாற்றினால் பலன் இருந்த தாளை மக்கள் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்கள், வங்கியும் அதை அழித்துவிட்டது. மாற்றிப் பயனில்லாத தாள்தான் லாச்சியிலும் பெட்டியிலும் நூறு ஆண்டுகள் கிடந்து நம் கைக்கு வருகிறது. அம்மையாரின் பெட்டி இதற்கு எனக்குக் கிடைத்த மிக நல்ல சான்று.

ஆயிரம் மார்க் கட்டில் 25 தாள்கள் இருந்தன. அத்தனையும் பழுப்பு நிறம், அத்தனையிலும் "பெர்லின், 21 ஏப்ரல் 1910" என்ற ஒரே திகதி. ஜேர்மன் பேரரசரான கைசர் ஆட்சி செய்த காலத்துத் தாள் என்று இந்தத் திகதியைப் பார்த்தவுடன் நம்பிவிடுவார்கள். ஆனால் அன்றைய ஜேர்மன் மத்திய வங்கியான ரைஷ்ஸ்பாங்கின் தாளில் உள்ள திகதி அந்த வடிவம் வெளியிடப்பட்ட திகதியே தவிர, அந்தத் தாள் அச்சிடப்பட்ட நாள் அல்ல. கைசர் 1918-இல் நாட்டை விட்டுப் போன பின்னும், 1922 வரையும், 1910 என்ற திகதியோடேயே இந்தத் தாள் அச்சாகிக்கொண்டிருந்தது. எது முந்தியது, எது பிந்தியது என்று அறிவதற்குத் திகதியை விட்டுவிட்டு முத்திரையைப் பார்க்க வேண்டும். தாளில் இருக்கும் இரண்டு வட்ட முத்திரைகளும் தொடர் இலக்கமும் சிவப்பாக இருந்தால் அது பழைய அச்சு. பச்சையாக இருந்தால் முதலாம் உலகப் போர் முடியும் காலத்திலிருந்து வந்த அச்சு. சிவப்பு முத்திரைத் தாள்களுக்குள்ளும் தொடர் இலக்கத்தின் எண்களை எண்ண வேண்டும்: ஆறு எண்கள் உள்ளது முந்தியது, ஏழு எண்கள் உள்ளது பிந்தியது. பெட்டியில் சிவப்பு 19, பச்சை 6. சிவப்பில் இரண்டு மட்டும் ஆறு எண் கொண்டவை.

இந்தச் சிவப்பு முத்திரைக்கு ஒரு வரலாறு உண்டு. 1914-க்கு முன் ஜேர்மனியில் ஒரு கிலோ தூய தங்கத்தின் சட்டப்படியான விலை 2790 மார்க். அதாவது அந்த ஒரு தாள் ஏறத்தாழ 358 கிராம் தங்கத்துக்குச் சமம். 1914 ஓகஸ்டில் போர் தொடங்கியதும் தாளுக்குத் தங்கம் கொடுப்பது நிறுத்தப்பட்டது. போருக்குப் பின் பணவீக்கம் தலைக்கு மேல் போன போது, சிவப்பு முத்திரைத் தாள் தங்கக் காலத்துத் தாள், அதை அரசு என்றாவது ஒருநாள் முழுப் பெறுமதிக்கு ஏற்றுக்கொள்ளும் என்ற நம்பிக்கை மக்களிடையே பரவியது. பச்சையை விட்டுச் சிவப்பைத் தேடிச் சேர்த்தார்கள். பிறகு வழக்குகளும் நடந்தன, ஒரு பலனும் கிடைக்கவில்லை. அம்மையாரின் தகப்பனாரும் அப்படிச் சேர்த்தவராகத்தான் இருக்க வேண்டும். 19 சிவப்புத் தாள்களையும் ஒரே பக்கம் பார்த்திருக்கும்படி அடுக்கி, நாடாவால் கட்டி வைத்திருந்தார். பச்சைத் தாள்கள் ஒழுங்கில்லாமல் கீழே கிடந்தன.

அத்தனை பேர் அத்தனை நம்பிக்கையோடு காத்து வைத்ததனாலேயே இந்தத் தாள் இன்று எங்கும் கிடைக்கிறது. புழங்கிய நிலையில் ஒன்றின் விலை ஓரிரு யூரோதான். நான் சேர்க்கத் தொடங்கிய முதல் ஆண்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பழம்பொருட் சந்தையில், "கைசர் காலத்துச் சிவப்பு முத்திரை, அரியது" என்ற வார்த்தையை நம்பி இதே தாளுக்கு 60 யூரோ கொடுத்தேன். விற்றவர் சொன்னதில் பொய் எதுவும் இருந்திருக்காது, அவரும் அதை நம்பியிருக்கலாம். அந்தத் தாளை இன்றும் என் தொகுப்பின் முதல் பக்கத்தில் வைத்திருக்கிறேன், விலையைப் பின்புறத்து அட்டையில் எழுதி.

அடுத்து வந்தவை நான்கு நீண்ட நூறு மார்க் தாள்கள். இவற்றைச் சேகரிப்பாளர்கள் "நீள நூறு" என்றே அழைப்பார்கள். பின்புறத்தில் கருவாலி மரத்தடியில் ஜேர்மானியா என்ற பெண் அமர்ந்திருக்க, தொலைவில் போர்க்கப்பல்கள் போகும் படம் நுணுக்கமாகச் செதுக்கப்பட்டிருக்கும். யன்னலுக்கு எதிரே பிடித்தால் முதலாம் வில்ஹெல்மின் முகமும் 100 என்ற எண்ணும் தாளின் உடலுக்குள் தெரியும். விலை குறைவாக இருந்தாலும், தாள் காசு சேர்க்கத் தொடங்கும் எவரும் கையில் ஒன்று வைத்திருக்க வேண்டிய தாள் இது என்பது என் எண்ணம். நீர்க்குறி என்றால் என்ன என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் தாள் எனக்குத் தெரியாது.

1922-ஆம் ஆண்டின் பத்தாயிரம் மார்க் ஐந்து இருந்தன. ஓவியர் டியூரரின் சித்திரத்தைத் தழுவி வரைந்த இளைஞனின் முகம் கொண்ட தாள். இதைப் பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தால் அந்த இளைஞனின் கழுத்தில் இரத்தம் உறிஞ்சும் பேயொன்று தெரியும் என்றும், ஜேர்மனியிடம் போர் இழப்பீடு கறந்த பிரான்சைக் குறிக்கச் செதுக்கியவர் அதை ஒளித்து வைத்தார் என்றும் ஒரு கதை உண்டு. கதை சொல்லி விற்பவர்களிடம் இந்தத் தாளின் விலை இரண்டு மடங்காகிவிடும். கழுத்தின் நிழற்கோடுகளில் ஓர் உருவம் தெரிவது உண்மைதான். ஆனால் கதைக்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை, ஏனெனில் அந்தக் கதை இந்தத் தாள் ஒவ்வொன்றுக்கும் சொந்தம்.

இனி அந்த நூறு கோடி. ஜேர்மன் மொழியில் எண்களை வாசிப்பதில் நம்மவர்கள் அடிக்கடி தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ஆங்கிலம் வழியாக நாம் படித்த பில்லியன் என்பது நூறு கோடி. ஜேர்மன் மொழியில் நூறு கோடிக்குப் பெயர் மில்லியார்ட். அவர்கள் "பில்லியோன்" என்று எழுதினால் அது இலட்சம் கோடி. இந்த ஒரு சொல்லைத் தவறாக வாசித்தால் பெறுமதி ஆயிரம் மடங்கு மாறிப் போகும். அம்மையாரின் பெட்டியில் இருந்த மில்லியார்ட் தாள், 1922 டிசம்பர் 15 என்ற திகதியோடு ஆயிரம் மார்க்காக அச்சிடப்பட்டிருந்த தாள். வெளியே விடுவதற்குள் ஆயிரம் மார்க்குக்கு எந்தப் பெறுமதியும் இல்லாமல் போகவே, 1923 செப்டம்பரில் அதே தாள்களை எடுத்து அவற்றின் மேல் சிவப்பு மையால் "ஒரு மில்லியார்ட் மார்க்" என்று குறுக்கே அடித்து வெளியிட்டார்கள்.

1923-இன் தாள்களை இனம் காண்பது இந்தத் துறையிலேயே எனக்கு மிகப் பிடித்த வேலை. ரைஷ்ஸ்பாங்க் தன் சொந்த அச்சகத்தால் மட்டும் சமாளிக்க முடியாமல் முப்பதுக்கு மேற்பட்ட கடதாசி ஆலைகளையும் நூற்றுக்கு மேற்பட்ட தனியார் அச்சகங்களையும் வேலைக்கு அமர்த்தியது. அதனால் ஒரே தொகை, ஒரே திகதி, ஒரே வடிவம் கொண்ட இரு தாள்கள்கூட உடலால் வேறுபட்டிருக்கும். ஒன்றின் நீர்க்குறி கருவாலி இலை, இன்னொன்றில் முட்செடி இலை, வேறொன்றில் கொக்கி போல வளைந்த நட்சத்திரங்கள். தொடர் இலக்கத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சிறிய எழுத்துகள் எந்த அச்சகம் என்பதைச் சொல்லும். இலக்கத்தின் நிறமும் பருமனும் மாறும். கடைசி மாதங்களில் அவசரத்தால் பல தாள்களின் பின்புறம் வெறுமையாகவே விடப்பட்டது. இவ்வளவையும் பார்த்துத்தான் விலைப்பட்டியலில் தாளுக்குரிய எண்ணைக் கண்டுபிடிக்க முடியும். உலகெங்கும் சேகரிப்பாளர்கள் பயன்படுத்துவது அல்பேர்ட் பிக் என்ற ஜேர்மானியர் ஏற்படுத்திய எண்முறை. ஜேர்மன் தாள்களுக்கு மட்டும் ரோசன்பெர்க் எண் இன்னும் நுணுக்கமானது. எண்ணுக்குப் பின்னால் வரும் a, b போன்ற சிற்றெழுத்தில்தான் விலை ஒளிந்திருக்கிறது. ஒரு யூரோத் தாளுக்கும் நாற்பது யூரோத் தாளுக்கும் இடையில் சில வேளை அந்த ஓர் எழுத்து மட்டுமே இருக்கும்.

பெட்டியின் 1923 தாள்கள் ஒன்பதையும் ஒவ்வொன்றாக மேசை விளக்குக்கு எதிரே பிடித்து, நீர்க்குறியைக் கொப்பியில் வரைந்துகொண்டோம். எட்டு தாள்கள் மிகச் சாதாரணமானவை. மில்லியார்ட் தாளும் அவற்றுள் ஒன்று. புதிய பணமான ரெண்டன்மார்க் 1923 நவம்பர் 15 அன்று வந்தது. நவம்பர் 20 அன்று ஓர் அமெரிக்க டொலருக்கு 4.2 இலட்சம் கோடி மார்க் என்ற நிலையில் மார்க்கின் வீழ்ச்சி நிறுத்தப்பட்டது. இலட்சம் கோடி பழைய மார்க் ஒரு ரெண்டன்மார்க்குக்குச் சமம் என்றானது. ரைஷ்ஸ்பாங்கின் தலைவராக 1908 முதல் இருந்து, எத்தனையோ தாள்களில் கையொப்பமிட்ட ருடோல்ஃப் ஹாவன்ஸ்டைன் அதே நவம்பர் 20 அன்றுதான் காலமானார். இந்தக் கணக்கின்படி ஒரு மில்லியார்ட் தாள் ஒரு ரெண்டன்மார்க்கின் ஆயிரத்தில் ஒரு பங்கு. சிவப்பு முத்திரை ஆயிரம் மார்க்கில் நூறு கோடி தாள்களைக் கட்டிக்கொண்டு போனால்தான் ஒரு ரெண்டன்மார்க் கிடைக்கும். எவர் கொண்டு போவார்? அப்படியே லாச்சியில் போட்டுவிட்டார்கள்.

பெட்டியின் அடியில், மற்றவற்றோடு சேராமல், நான்காக மடித்த ஒரு கடித உறை இருந்தது. அதற்குள் ஒரேயொரு தாள். தங்கை அதை விரித்து, "இது வெறும் ஒண்டு, அண்ணை" என்றார். ஒன்றுதான். ஆனால் ஒன்றுக்குப் பின்னால் "பில்லியோன்" என்று எழுதியிருந்தது. திகதி 1923 நவம்பர் 1. என் கை சற்று நின்றது.

இந்தத் தாள் வெளிவந்த சில நாட்களுக்குள் ரெண்டன்மார்க் வந்துவிட்டது. ஒரு பில்லியோன் மார்க் என்பது சரியாக ஒரு ரெண்டன்மார்க். அதைக் கொண்டு கடையில் பாணும் பாலும் வாங்கலாம், வங்கியில் கொடுத்தால் புதிய பணம் கிடைக்கும். ஆகவே இதை வைத்திருந்தவர்கள் செலவழித்தார்கள், கொடுத்து மாற்றினார்கள், பின்னர் வந்த பணமான ரைஷ்ஸ்மார்க்குக்கும் மாற்றினார்கள். அதனால்தான் இது அரிது. மில்லியன்களும் மில்லியார்டுகளும் கட்டுக்கட்டாகக் கிடைக்க, பில்லியோன் தாள்கள் ஒவ்வொன்றாகத்தான் ஏலத்துக்கு வருகின்றன. 1924 பெப்ரவரி 15 திகதியிட்ட நூறு பில்லியோன் தாள் ரைஷ்ஸ்பாங்க் வெளியிட்ட மிகப் பெரிய தொகை. அது நூறு ரெண்டன்மார்க்குக்குச் சமமாக இருந்ததால் எவரும் அதை ஞாபகார்த்தமாக வைத்திருக்கவில்லை. இன்று அதன் அசல் ஒன்றுக்கு ஆயிரக்கணக்கான யூரோ கேட்கப்படும், போலிப் பிரதிகளும் ஏராளமாக உலாவுகின்றன. அம்மையாரின் உறையில் இருந்த அந்த ஒரு தாளின் விலைக்கு, பெட்டியில் இருந்த மற்ற 46 தாள்களையும் சேர்த்தாலும் ஈடாகாது.

கடைசி நாளைப் பார்க்கும் இந்த முறை ஜேர்மனிக்கு வெளியேயும் அப்படியே பொருந்தும். ஹங்கேரியில் 1946-இல் வெளியான நூறு மில்லியன் பி-பெங்கோ என்ற தாள், ஒன்றுக்குப் பின் இருபது சுழியங்கள் கொண்ட தொகை. உலகில் புழக்கத்துக்கு விடப்பட்ட தாள்களில் அதைவிடப் பெரிய தொகை இல்லை. அதே ஆண்டு ஓகஸ்ட் 1 அன்று புதிய பணமான ஃபோரின்ட் வந்த போது ஒரு ஃபோரின்டுக்கு இந்தத் தாளில் 400 கோடி வேண்டியிருந்தது. ஆகவே அது பிழைத்துவிட்டது, எந்தச் சேகரிப்பாளரும் வாங்கக்கூடிய விலையில் கிடைக்கிறது. ரஷ்யாவின் பெரிய அழகிய தாள்களும் அவ்வாறே. இரண்டாம் கத்தரீனாவின் உருவம் கொண்ட 1910-இன் நூறு ரூபிளை அந்தக் காலத்து மக்கள் செல்லமாகக் "காத்தென்கா" என்பார்கள். மகா பீட்டரின் 1912-இன் ஐந்நூறு ரூபிளும் அதே குடும்பம்தான். புரட்சிக்குப் பின் சார் மன்னர் திரும்பி வருவார் என்று நம்பிய குடும்பங்கள் இவற்றை மெத்தைக்குள்ளும் சுவருக்குள்ளும் வைத்துக் காத்தன. இவற்றில் திகதியை நம்பாமல் வங்கி ஆளுநரின் கையொப்பத்தைப் பார்க்க வேண்டும். கோன்ஷின் கையொப்பம் முந்தியது, ஷிப்போவ் கையொப்பம் பிந்தியது. ஷிப்போவ் கையொப்பத்தோடு மன்னர் வீழ்ந்த பின்னும் தாள்கள் அச்சாகின.

இங்கிலாந்து இதற்கு நேர் எதிர். இங்கிலாந்து வங்கி தான் வெளியிட்ட எந்தத் தாளையும், எத்தனை ஆண்டுகள் கடந்தாலும், முகப்பெறுமதிக்கு ஏற்றுக்கொள்கிறது. ஒரு பக்கம் மட்டும் கறுப்பு மையால் அச்சிட்ட பெரிய வெள்ளை ஐந்து பவுண் தாள் 1957 வரை வெளிவந்தது. அதைக் கொடுத்தால் எப்போதும் ஐந்து பவுண் கிடைத்தது, அதனால் பெரும்பாலானவை வங்கிக்கே திரும்பிப் போயின. இன்று நல்ல நிலையில் உள்ள ஒன்று நூறு பவுணைத் தாண்டும். தலைமைக் காசாளரின் பெயர் எதுவென்று பாருங்கள்: பெப்பியாட், பீல், ஓபிரையன் என்ற மூவரும் கடைசிக் காலத்தவர்கள், எளிதில் கிடைப்பவர்கள். லண்டனுக்குப் பதிலாக லிவர்பூல், லீட்ஸ், ஹல் போன்ற கிளை நகரொன்றின் பெயர் இருந்தால் ஆறுதலாக உட்கார்ந்து பட்டியலைத் திறவுங்கள். இந்த வெள்ளைத் தாள்களைத்தான் நாசிகள் சாக்சன்ஹவுசன் வதை முகாமில் கைதிகளைக் கொண்டு போலியாக அச்சிட்டார்கள். அந்தப் போலிகளுக்கும் இப்போது நல்ல சந்தை இருக்கிறது. நான் அவற்றை வாங்குவதில்லை. உயிருக்கு அஞ்சி அந்த அச்சுக்கூடத்தில் நின்றவர்களின் வேலைக்கு நான் ஒரு விலை வைக்க விரும்பவில்லை.

ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் தாள்களைப் பற்றிச் சற்று எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். ஒரு பக்கம் ஜேர்மன், மறுபக்கம் ஹங்கேரியன். ஜேர்மன் பக்கத்தில் செக், போலிஷ், உக்ரேனியன், இத்தாலியன், ஸ்லோவேனியன், குரோவாசியன், செர்பியன், ருமேனியன் என எட்டு மொழிகளில் தொகை எழுதப்பட்டிருக்கும். 1918-இல் பேரரசு உடைந்ததும், பிரிந்த நாடுகள் ஒவ்வொன்றும் தம் எல்லைக்குள் இருந்த தாள்கள்மேல் முத்திரை அடித்தோ, முத்திரைத் தலை ஒட்டியோ தம் பணமாக்கிக்கொண்டன. செக்கோஸ்லொவாக்கியா 1919-இல் எல்லைகளை மூடிவிட்டு இந்த வேலையைச் செய்தது. அடிப்படைத் தாள் மலிவானது. சில முத்திரைகள் அரியவை. மலிவான தாளில் அரிய முத்திரையைப் போலியாக அடித்து விற்பது அன்றே தொடங்கிவிட்டது. முத்திரையின் மை மடிப்புக் கோட்டின் வெடிப்புக்குள் இறங்கியிருந்தால், தாள் பழுதான பிறகு முத்திரை அடிக்கப்பட்டது என்று பொருள். அதனால் மட்டுமே அது போலி என்று சொல்லிவிட முடியாது, 1919-இல் அடித்ததும் புழங்கிய தாள்களின்மேல்தானே. ஆயினும் அங்கே சந்தேகம் தொடங்க வேண்டும். கைமாறி வந்த வழி தெரியாத முத்திரைத் தாளுக்கு, முத்திரை இல்லாத தாளின் விலையை மட்டுமே நான் கொடுப்பேன்.

இனம் கண்டாகிவிட்டது என்றால் அடுத்தது நிலை. ஜேர்மன் வணிகர்கள் உரோம எண்களில் தரம் பிரிப்பார்கள். ஒன்று என்றால் வங்கிக் கட்டிலிருந்து அப்படியே எடுத்த தாள், ஒரு மடிப்பும் இல்லை. மூன்று என்றால் பல மடிப்புகள், சற்று அழுக்கு. ஐந்து என்றால் கிழிந்து நைந்தது. ஒன்றுக்கும் மூன்றுக்கும் இடையில் விலை ஐந்து மடங்கு, பத்து மடங்குகூட வேறுபடும். அதனாலேயே மூன்றை ஒன்றாக்க முயல்பவர்கள் இருக்கிறார்கள்.

பில்லியோன் தாளின் நான்கு மடிப்புகளையும் பார்த்துத் தங்கை, "மெல்லிசா ஒருக்கா அயன் பண்ணினா நேராகிடுமே, அண்ணை?" என்று கேட்டார். நான் என் தொகுப்பிலிருந்து முன்பு யாரோ அயன் பண்ணிய தாள் ஒன்றை எடுத்து, மேசை விளக்கை அணைத்துவிட்டு, ரோச் வெளிச்சத்தைத் தாளின் விளிம்புக்குச் சமமாகச் சாய்த்துப் பிடித்துக் காட்டினேன். நேரே பார்க்கும் போது தட்டையாகத் தெரிந்த தாளில், சாய்ந்த வெளிச்சத்தில் பழைய மடிப்பு ஒரு மெல்லிய கோடாக எழுந்து நின்றது. அந்தக் கோட்டின் வழியே மை உதிர்ந்து வெண்மை தெரிந்தது. செதுக்கு அச்சின் மேடான கோடுகள் அழுத்தத்தால் படிந்து, விரல் நுனிக்கு வழுவழுப்பாகிவிட்டிருந்தன. அம்மையாரின் தாளில் அதே இடத்தைத் தடவச் சொன்னேன். மடிப்புகள் இருந்தாலும் தாள் விறைப்பாக, விரலில் இலேசாக உரசியது. கழுவுவதும் அப்படித்தான். இன்றைய சவர்க்காரத்தூளில் உள்ள வெளுப்பூட்டி புறஊதா விளக்கின் கீழ் நீலமாக ஒளிரும். பழைய தாள் பொதுவாக மங்கலாகவே இருக்கும், ஆகவே ஒளிரும் தாள் ஒன்றில் கழுவப்பட்டது, அல்லது பிற்காலக் கடதாசியில் அச்சிட்ட போலி. மடிப்பு ஒரு தாளின் வாழ்க்கை, அதை மறைத்து விற்பது வாங்குபவரை ஏமாற்றுவது.

குறை என்று நாம் நினைப்பது எல்லா நாட்டுத் தாளிலும் குறையன்று. பிரான்சில் வங்கிகள் தாள்களைக் கட்டாகச் சேர்த்துக் குண்டூசியால் குத்தி வைத்தன. ஆகவே பழைய பிரெஞ்சுத் தாளின் இடப்பக்கத்தில் ஊசித் துளைகள் இருப்பது இயல்பு, துளை இல்லாத தாளுக்குத்தான் தனி விலை. மேலும் பிரான்ஸ் வங்கியின் தாளில் இருக்கும் திகதி ஜேர்மன் தாளைப் போலன்றி, அச்சிட்ட தொகுதிக்குத் தொகுதி நாள்வரை மாறிக்கொண்டே போகும். அங்கே திகதிப்படிதான் விலை.

பெட்டியில் மூன்று ஊர்க்காசுகளும் இருந்தன. சில்லறைத் தட்டுப்பாட்டால் 1914 முதல் நகரங்களே அச்சிட்டுக்கொண்ட அவசரக் காசுகள் இவை. ஆனால் 1921-க்குப் பின் வந்த வண்ணப் படத் தொடர்கள் சேகரிப்பாளர்களுக்கென்றே அச்சாகியவை, செலவழிக்கப்படாமலே தொகுப்பு ஏடுகளுக்குப் போனவை. அழகுக்காக வாங்கலாம், விலை ஏறும் என்று வாங்க வேண்டாம். பீலஃபெல்டில் பட்டிலும் துணியிலும் அச்சிட்டவை வேறு கணக்கு.

விலை பார்ப்பது எப்படி என்று தங்கை கேட்டதற்கு, இணையத்தில் ஒருவர் கேட்கும் விலையைப் பார்க்காமல், ஒருவர் கொடுத்த விலையைப் பார்க்கச் சொன்னேன். பில்லியோன் தாளைத் தேடினால் வானத்து விலையெல்லாம் எழுதி வைத்திருப்பார்கள், அந்தத் தாள்கள் ஆண்டுக்கணக்கில் விற்காமல் அங்கேயே கிடக்கும். ஏல நிறுவனங்களின் முடிந்த ஏலங்களில் அதே எண், அதே தரம் கொண்ட தாள் மூன்று முறையாவது என்ன விலைக்குப் போனது என்று எடுத்து, ஏலக்காரர் வாங்குபவரிடம் மேலதிகமாக வாங்கும் கட்டணத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கடைக்காரரிடம் நேரே கொடுத்தால் அதில் பாதி கிடைப்பதே நல்ல விலை. அவர் கடை வாடகை கட்டி, வாங்குபவர் வரும்வரை காத்திருக்க வேண்டியவர். பாதியைக் கேட்டுக் கோபித்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்புபவர்களைக் கண்டிருக்கிறேன், அந்தக் கோபம் நியாயமில்லை.

இரவு பத்தரை மணியளவில் பட்டியல் முடிந்தது. ஒவ்வொரு தாளுக்கும் தொகை, திகதி, முத்திரை நிறம், தொடர் இலக்கம், நீர்க்குறி, தரம், கடந்த ஆண்டில் விற்ற விலை என்று ஜேர்மன் மொழியில் எழுதி, அம்மையார் கண்ணாடி இல்லாமலும் வாசிக்கும்படி பெரிய எழுத்தில் அச்செடுத்துக் கொடுத்தேன். பில்லியோன் தாளை மென்மையாகிக் கசியாத பொலியெஸ்டர் உறையில் இட்டேன். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பிவிசி உறைகள் நாளடைவில் பிசுபிசுத்துத் தாளில் எண்ணெய் போல ஊறிவிடும். பழைய கடித உறையை எறியாமல் அதையும் பக்கத்திலேயே வைக்கச் சொன்னேன்.

இரண்டு கிழமை கழித்துத் தங்கை தொலைபேசியில் சொன்னார்: அம்மையார் பட்டியலை இரண்டு தடவை வாசித்தாராம். சிவப்புத் தாள்களைப் பேரப்பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்றாகக் கொடுக்கப் போகிறாராம். பில்லியோன் தாளை விற்பதா என்பதை மகளோடு பேசி முடிவு செய்வாராம். பட்டியலின் 41-ஆவது வரியில் மட்டும் ஏன் கேள்விக்குறி போட்டிருக்கிறது என்று கேட்டாராம்.

அது 1923-இன் ஒன்பதாவது தாள். அதன் நீர்க்குறி கொக்கி நட்சத்திரமா, முட்செடி இலையா என்பது மேசை விளக்கில் எனக்குத் தெளியவில்லை. மாசி மாதத்தில் இந்த ஊரில் வெயிலை எதிர்பார்க்கவும் முடியாது. இப்போது சித்திரை வந்துவிட்டது. வருகிற சனிக்கிழமை காலையில், யன்னல் பக்கம் வெளிச்சம் விழும் நேரத்தில், அந்த ஒரு தாளை மட்டும் கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.